ரிட்டர்ன் லோடு

மிலிட்டரி இல்லீங்க. அதை மொதல்லயே தெளிவாச் சொல்லிப்போடறேன். எம்பையன் அமெரிக்காப் பட்டாளத்துல துப்பாக்கி புடிச்சுட்டு நிக்கறான்னு யாரோ உங்ககிட்ட சொல்லியிருக்கறாங்க. நீங்களும் பதறிப்போயி பெருந்துறையில இருந்து சங்ககிரிக்கு பஸ் ஏறி வந்துட்டீங்க. வந்தது நல்லதுங்க. பொண்ணுக்குத் தாய்மாமன் நேர்ல வந்து விசாரிக்கறதுதான் முறை. போன்ல விசாரிச்சுப் பொண்ணு குடுக்கறவங்களை எனக்குப் புடிக்காது. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

லாரி ஷெட்டுல உக்கார வெச்சுக் கல்யாணம் பேசறானேன்னு நெனைக்காதீங்க. ஊட்டுக்குப் போலாம். ஊட்டுக்காரி பாவாயி உங்களுக்குன்னு சமையல் பண்ணிட்டிருக்கறா. ஆனா பாவாயி பக்கத்துல இருந்தா என்னைப் பேச உடமாட்டா. அதைச் சொல்லாதீங்க, இதைச் சொல்லாதீங்கன்னு கண்ணைக் காட்டிட்டே இருப்பா. எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாது. லாரித் தொழில்ல இத்தனை வருசம் இருந்துட்டேன், ஒரு பார்ட்டிகிட்ட ஒரு பொய் சொன்னதில்லை. அதனால இங்கயே பேசிட்டு, அப்புறமா ஊட்டுக்குப் போயிச் சாப்புடலாம்.

இது ரிசர்வ்ங்க. மிலிட்டரி வேற, ரிசர்வ் வேற. ரிசர்வ்னா மத்த நாள்ல அவனவன் சோலியை அவனவன் பாத்துக்கறது, மாசத்துல ஒரு சனி ஞாயிறு போயி ட்யூட்டி பாத்துட்டு வர்றது. வருசத்துல ரெண்டு வாரம் சேந்தாப்பல. அவ்வளவுதான். நம்ம ரகுபதி சாப்ட்வேர்ல இருக்கறவன். படிக்கப் போனான், வேலை கெடைச்சுது, கிரீன் கார்டு கெடைச்சுது. அப்பறம் இதுல சேந்தான். ஏன் சேந்தான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. நானும் கேட்டேன். "அந்த ஊரு எனக்குச் சோறு போடுதுப்பா"ன்னான். சோறு போட்டா, சாப்ட்டுட்டுக் கையைக் கழுவிட்டுப் போக வேண்டியதுதானே? இருந்தாலும் பையன் நன்றியுள்ளவன்னு அதுல இருந்து நீங்க எடுத்துக்கலாம்.

அவன் சேந்த பிளேன் படை யூனிட்டோட கதையை ஒரு தடவை போட்டோவெல்லாம் காட்டிச் சொன்னான். பழைய யூனிட்டுங்க. அந்தக் காலத்துப் பெரிய சண்டை முடிஞ்சதும் ஆரம்பிச்சதாம். அப்பறம் கலைச்சாங்களாம், மறுபடி கொரியாவுல சண்டைன்னதும் கூப்புட்டாங்களாம். அப்பறம் வியட்நாம். சண்டை போடற வேலையே கெடையாது. சரக்கு ஏத்தறது, எறக்கறது. ஆளு ஏத்தறது, எறக்கறது. எங்கயோ பூமி அதிர்ந்துச்சுன்னா கூடாரம், தண்ணி, மருந்து. எங்கயோ வெள்ளம்னா அரிசி மூட்டை. போட்டோவுல அந்தக் காலத்து விசிறி வெச்ச பிளேனெல்லாம் நின்னுச்சு. நான் பாத்ததும் சொன்னேன், "ஏன்டா, இது நம்ம சோலியாட்டத்தான இருக்குது, ரோட்டுக்குப் பதிலா ஆகாசம், அவ்வளவுதான"ன்னு. சிரிச்சான். அப்பெல்லாம் சிரிப்பான்.

இன்னொரு கூத்து கேளுங்க. அந்த யூனிட்டுக்குச் சொந்தமா ஒரு பிளேன்கூடக் கெடையாது. பக்கத்துலயே முழுநேரப் பட்டாளம் ஒண்ணு இருக்குது, பிளேன் பூரா அவங்களது. இவங்க போயி அதை எடுத்து ஓட்டறாங்க. நம்ம லைன்ல புக்கிங் ஆபீஸ் வெச்சிருப்பான், போர்டு பெருசா இருக்கும், சொந்தமா ஒரு வண்டி இருக்காது பாருங்க, அந்த மாதிரி. ஆளு மட்டும் இவங்களது. யாரார்ங்கறீங்க? பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருத்தரு. போஸ்ட் ஆபீஸ்காரரு. பல்லுப் புடுங்கற டாக்டர் ஒருத்தரு, அவருதான் பைலட்டு. ரொட்டிக்கடை வெச்சிருக்கற பொம்பளை ஒருத்தி நம்ம பையனோட சேந்து சங்கிலி மாட்டறா. சனிக்கெழமை எல்லாருமாச் சேந்து அத்தாப்பெரிய பிளேனைக் கெளப்பிட்டுப் போறாங்க. எப்படிப்பட்ட ஊரு பாருங்க.

நம்ம பையனுக்கு அதுல என்ன வேலைன்னா, லோடுமாஸ்டர்ங்க.

பேரைக் கேட்டதும் எனக்கு ஒரு வாரம் சோறு எறங்கலை. நான் லோடுமேனுக்குக் கூலி குடுக்கறவன். அந்தா மூட்டை எறக்கறாங்களே, அவங்க எனக்கு அண்ணந்தம்பியாட்டந்தான், நான் ஒண்ணும் கொறைச்சுச் சொல்லலை. ஆனா பையனைப் படிக்க வெச்சதே அவன் மூட்டைப் பக்கம் போகக்கூடாதுன்னுதான். அப்பறம் அவனே வெளக்கிச் சொன்னான். முன்பக்கம் எவ்வளவு பாரம், பின்பக்கம் எவ்வளவு பாரம்னு கணக்குப் பாத்து, எதை எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்றது இவன்தானாம். சங்கிலி போட்டு இறுக்கறது இவன்தானாம். இவன் சரின்னு சொல்லாம பைலட்டு வண்டியை எடுக்க மாட்டானாம். பல்லு டாக்டரே இவன் வாயைத்தான் பாத்துட்டு இருக்கோணும். அதைக் கேட்டப்பறந்தான் எனக்கு மனசு ஆறுச்சு. நம்ம ரத்தம் நம்ம தொழிலுக்குத்தான் போயிருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன். அதனால துப்பாக்கி கிப்பாக்கின்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

டீ குடிங்க. சக்கரை போட்டிருக்குது. உங்களுக்குச் சக்கரை இருக்குதுங்களா? இல்லையா, அப்பச் சரி.

பழக்கவழக்கம் கேட்டீங்கல்ல? தண்ணி போடமாட்டான். பீடி சிகரெட்டு இல்லை. வயசு கொஞ்சம் ஆகிப்போச்சு, ஒளிக்கலை. உங்க பொண்ணுக்கும் முப்பது தாண்டிருச்சுன்னு கேள்விப்பட்டேன், அதனால அது சமமாப் போயிருச்சு. பேச்சு கம்மி. முந்தியெல்லாம் நல்லாப் பேசுவான், இப்பக் கம்மி. பேசாத மாப்பிள்ளை நல்ல மாப்பிள்ளைதானுங்களே? பேசறவன் ஊட்டுலதான் சண்டை வரும்.

பொறுமைன்னா அப்படியொரு பொறுமை. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போன வருசத்துக்கு முந்தின வருசம் ஆடியில வந்திருந்தான். ஒரு மாச லீவு. ஊட்டுல இருக்கறதைவிட இங்க ஷெட்டுலதான் அதிகமா உக்காந்திருப்பான். இப்ப நீங்க உக்காந்திருக்கறீங்களே, அங்கதான். பேசமாட்டான். லோடு ஏத்தறதையும் எறக்கறதையும் பாத்துட்டே இருப்பான். ஒருநாள் ஈரோடு பார்ட்டியோட பீரோ ஒண்ணு வந்துச்சுங்க, அட்டைப்பெட்டியில கட்டி. படுக்கப் போட்டு வெச்சிருந்தாங்க. நம்ம லோடுமேனுங்க ரெண்டு பேரு அதுமேல உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தாங்க. இவன் எந்திரிச்சுப் போனான். "அண்ணா, எந்திரிங்க"ன்னான். அவங்க சிரிச்சாங்க. "பீரோதான் தம்பி, ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. "தெரியும்ண்ணா, எந்திரிங்க"ன்னான். கோவமில்லை, சத்தமில்லை. எந்திரிச்சுட்டாங்க. அப்பறம் அந்தப் பீரோ வண்டி ஏறற வரைக்கும் அதும் பக்கத்துலயே நின்னான். நல்ல வெயிலு. சாய்ஞ்சு நிக்கலை, உக்காரலை, கையைத் தொடையோட ஒட்டி வெச்சு நேரா நின்னான். வண்டி போனப்பறம் வந்து உக்காந்தான்.

சரக்கு மேல அவ்வளவு மரியாதைங்க. அடுத்தவன் பொருளுக்கே அப்படின்னா, கட்டுன பொண்டாட்டியை எப்படி வெச்சுக்குவான்னு நீங்களே ரோசனை பண்ணிக்குங்க. பாவாயிகிட்டச் சொன்னேன், அவ பெருமைப்படுவான்னு பாத்தா, முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. பொம்பளைங்களுக்குத் தொழில் தெரியாது.

உண்மையச் சொன்னா, அதுக்கு முந்தின வருசம்தான் அவங்களைச் சேந்தாப்பலக் கூப்புட்டுட்டாங்க. சனி ஞாயிறுன்னு சொன்னேன்ல, அது சண்டை இல்லாத காலத்துல. சண்டை முத்திருச்சுன்னா கூப்புடுவாங்க, போயித்தான் ஆகோணும். பாலைவனத்துப் பக்கம் சண்டை நடந்துச்சுல்ல, அங்கத்துக்கும் இங்கத்துக்கும் ஒரு வருசம் போக்குவரத்து. அது முடிஞ்ச கையோடதான் இங்க லீவுக்கு வந்தான். வந்தவன் நல்லாத்தான் இருந்தான். அடிகிடி ஒண்ணுமில்லை. கை கால் எல்லாம் சுத்தமா இருந்துச்சு. நீங்க பயப்படவே வேண்டாம்.

ஒருநாள் மத்தியானம் நானும் அவனும் இங்க உக்காந்திருந்தோம். மழை வர்றாப்பல இருந்துச்சு, தார்ப்பாய் போடச் சொல்லிட்டு வந்து உக்காந்தேன். பேச்சுக் குடுக்கலாம்னு கேட்டேன்.

"ஏன் கண்ணு, போகும்போது என்னடா லோடு?"

"எல்லாமும்தாம்ப்பா. தண்ணி, டயரு, வண்டி, சோத்துப் பொட்டலம், ஆளுங்க."

"திரும்பறப்ப?"

எங்க தொழில்ல அதுதானுங்க முக்கியம். போறது யாரு வேணா போவான். சங்ககிரியில இருந்து நாக்பூருக்கு லோடு புடிக்கறது பெருசில்லை. வர்றப்ப என்ன கொண்டு வர்றேங்கறதுலதான் லாரிக்காரன் பொழைப்பு நிக்குது. வண்டி காலியாத் திரும்பக்கூடாது. எங்கப்பன் எனக்குச் சொன்னது அது ஒண்ணுதான். காலி வண்டி ரோட்டுல வர்றதைப் பாத்தா எனக்குப் பொறுக்காது, அது அடுத்தவன் வண்டியா இருந்தாலும் சரி.

அவன் தார்ப்பாய் கட்டறதைப் பாத்துட்டே இருந்தான். அப்பறம் சொன்னான்: "சில நேரம் காலிப்பா. சில நேரம் அடிபட்டவங்க. சில நேரம் பொட்டி."

"என்ன பொட்டி?"

"செத்துப் போனவங்கப்பா."

எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா பேச்சை அப்படியே உடமுடியுங்களா? "எத்தனை பொட்டி வரும்?"னு கேட்டேன்.

"நாலு இருக்கும், அஞ்சு இருக்கும். ஒரு தடவை ஒண்ணே ஒண்ணு."

"அத்தாப்பெரிய பிளேன்ல ஒரு பொட்டியா?"

"ஆமாப்பா."

"மீதி எடம்?"

"மீதி எடம் சும்மாதான் கெடக்கும்."

நான் லாரிக்காரன். வாயில வர்றது வந்துருச்சு. "ஏன்டா, டீசல் என்னத்துக்கு ஆகறது? மேல ஏதாச்சும் ஏத்தக்கூடாதா?"ன்னுட்டேன்.

அவன் என்னைப் பாத்தான். கோவமே இல்லீங்க. கோவப்பட்டிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். பாடம் சொல்ற வாத்தியாராட்டம் சொன்னான்: "மேல ஒண்ணும் வெக்கக்கூடாதுப்பா. பக்கத்துலயும் ஒட்டி எதையும் வெக்கக்கூடாது. தலை முன்பக்கம் இருக்கோணும், பிளேன் ஏறறப்ப தலை மேல இருக்கற மாதிரி. மேல கொடி போத்தியிருக்கும், அதுல சுருக்கம் இருக்கக்கூடாது. எல்லாம் கட்டி முடிச்சப்பறம் மத்தவங்க முன்னாடி போயிருவாங்க. நான் அங்கயேதான் உக்காந்துட்டு வருவேன்."

"பயமா இருக்காதா கண்ணு?"

"இல்லப்பா. அவங்கதான் ஒண்ணும் கேக்க மாட்டாங்களே."

அப்படிச் சொல்லிட்டு வெளிய பாத்தான். பையன் மனசு விட்டுப் பேசறான், நாமளும் பேசோணும்ல? அவனுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான், இதெல்லாம் தொழில்ல சகஜம் கண்ணு, எனக்கும் நடந்திருக்குதுன்னு மாரப்பன் கதையைச் சொன்னேன்.

மாரப்பன் எங்கிட்ட டிரைவர். அவனாட்டம் டிரைவர் இனி வரமாட்டான். ரகுபதிக்கு லாரி ஓட்டப் பழக்கினவனே அவன்தான். காலேஜ் லீவுல வந்தான்னா ரெண்டு பேரும் வண்டியை எடுத்துட்டு மேட்டூர் வரைக்கும் போயிட்டு வருவாங்க. ரகுபதி அமெரிக்கா போயி ரெண்டு மூணு வருசம் கழிச்சு, மாரப்பன் நாக்பூர்ல நெஞ்சுவலின்னு படுத்தவன் எந்திரிக்கலை. வண்டியில ஆரஞ்சு லோடு ஏத்தியாச்சு, சேலத்துப் பார்ட்டிக்கு. ரெண்டாவது டிரைவர் சீரங்கன் அழுதுட்டே போன் பண்ணினான். "என்னங்க பண்றது, லோடை எறக்கிரட்டுமா, இல்ல இங்கயே அடக்கம் பண்ணிரட்டுமா"ன்னான்.

மத்த ஓனரா இருந்தா என்ன சொல்லியிருப்பான்? அங்கயே அடக்கம் பண்ணுன்னிருப்பான். நான் சொல்லலை. மாரப்பன் நம்ம ஆளு, நம்ம மண்ணுக்குத்தான் வரோணும்னேன். லோடையும் எறக்க வேண்டாம்னேன். ஆரஞ்சு எறக்கி வெச்சா அழுகிப்போகும், பார்ட்டி நம்மளை நம்பிக் குடுத்தது. நடுவுல எடம் பண்ணி, மரத்தூள் பரப்பி, ஐஸ் வாங்கிப் போட்டு, மாரப்பனைப் படுக்க வெச்சுக் கொண்டு வந்துட்டோம். செக்போஸ்ட்டுல தொந்தரவு வரக்கூடாதுன்னு மேல ஆரஞ்சுப் பொட்டியை அடுக்கி, தார்ப்பாய் கட்டிட்டாங்க. சீரங்கன் ஒத்தை ஆளா ஓட்டிட்டு வந்து சேத்தான். ஒரு பொட்டி ஆரஞ்சு கெடலை. மாரப்பனும் ஊரு வந்து சேந்துட்டான். இந்த வட்டாரத்துலயே அப்படிப் பண்ணின ஓனர் நான் ஒருத்தன்தான். எளவுக்கு வந்தவங்க எல்லாம் கையெடுத்துக் கும்புட்டாங்க.

இதைத்தான் சொன்னேன். பெருமைக்குச் சொல்லலை. நானும் உன்னாட்டம் ஒரு ஆளை ஊடு சேத்தவன்தான் கண்ணுன்னு சொல்ல வந்தேன்.

"மேல எத்தனை அடுக்கு வெச்சாங்க?"ன்னு கேட்டான்.

"ஆரஞ்சுதானடா, பாரமே இருக்காது"ன்னேன்.

"தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"ன்னான்.

எனக்கெப்படித் தெரியும்? நான் இங்க இருந்தேன். அப்படித்தான் சொன்னேன். எந்திரிச்சுப் போயித் தொட்டித் தண்ணியில கையைக் கழுவினான். கழுவிட்டே இருந்தான். கையில ஒண்ணுமே இல்லீங்க. அப்பறம் வேட்டியில தொடைச்சுட்டு ஊட்டுக்குப் போயிட்டான்.

மறுநாள் மாரப்பன் ஊட்டுக்குப் போயிருக்கறான். பொண்டாட்டி குஞ்சம்மா இருக்கறா, ரெண்டு பொண்ணையும் கட்டிக் குடுத்துட்டா, தனியாத்தான் இருக்கறா. அவகிட்டப் பேசியிருக்கறான். அங்க இருந்து சீரங்கனைத் தேடிப் போயி, தலை எந்தப் பக்கம்னு அவன்கிட்டயும் கேட்டிருக்கறான். அவனுக்கு ஞாபகம் இல்லை. இத்தனை வருசம் கழிச்சு யாருக்குங்க ஞாபகம் இருக்கும்?

பொழுதோட ஊட்டுக்கு வந்தான். நின்னுட்டே சொன்னான்: "அப்பா, குஞ்சம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"என்ன வார்த்தை?"

"மாரப்பண்ணனைத் தனியாக் கொண்டு வந்திருக்கோணும், செய்யலைன்னு சொல்லுங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கொண்டு வந்து சேத்தவன் நானு. எல்லாரும் கும்புட்ட ஆளு நானு. நான் போயி என் தப்புன்னு நிக்கோணுமா? கத்துனேன், ஒளிக்கலை. லோடு ஏத்தறவனுக்கு இத்தனை கொழுப்பான்னு கேட்டேன். அது ஒண்ணு சொல்லியிருக்க வேண்டாம். பாவாயி அழுதா. அவன் "சரிப்பா"ன்னான். அவ்வளவுதான், "சரிப்பா". லீவு பாதி இருக்கறப்பவே டிக்கெட்டை மாத்திட்டுக் கெளம்பிட்டான். அதுக்கப்பறம் வரலீங்க. அம்மாகிட்ட மட்டும் பேசுவான்.

பாருங்க, இதையெல்லாம் வெளிய யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுதான் பாவாயி சொல்லியிருந்தா. அப்பன் மகனுக்குள்ள இது சாதாரணம்தானுங்க. உங்க ஊட்டுல இல்லீங்களா?

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன், அப்பறம் தெரிஞ்சா வருத்தம். சாப்ட்வேர் வேலையை விட்டுட்டானாம். யூனிட்டுலயே கேட்டு வாங்கிச் சேந்தாப்பல ட்யூட்டி பாக்கறான். அதுவும் மத்த லோடெல்லாம் இல்லை. அந்தப் பொட்டி வர்ற ட்ரிப்பு எதுன்னு பாத்து, அதுக்குத் தானாப் போறானாம். மத்தவங்க ஒரு தடவை போனா ரெண்டாந்தடவைக்கு யோசிப்பாங்களாம். இவன் யோசிக்கறதில்லை. "ஏன் சாமி, நீயே போறே"ன்னு பாவாயி கேட்டதுக்கு, "எனக்கு ஒண்ணும் ஆகறதில்லைம்மா, அதான் நான் போறேன்"னானாம். அழுகை வருதாடான்னு கேட்டிருக்கறா. வரலைம்மான்னிருக்கறான். அது எங்கிட்ட இருந்து வந்ததுங்க. எனக்கும் எதுக்கும் வராது. எங்கப்பன் செத்த அன்னைக்கு லோடு ஏத்தி விட்டுட்டுத்தான் எளவு ஊட்டுக்குப் போனேன். மரத்துப்போன மாதிரி இருக்கும், வேலை ஓடும். தைரியசாலின்னு சொல்லுவாங்க. பையனும் அப்படித்தான்.

சம்பளம் வருதுங்க, அதுல குத்தமில்லை.

குஞ்சம்மா ஊட்டுக்கு நான் போனேனான்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலை, ஆனா முகத்துல தெரியுது. போனேன். போன மாசம் போனேன். பாவாயி ரெண்டு வருசமாச் சொல்லிச் சொல்லி, கடைசில சொல்றதையே நிறுத்திட்டா. அவ நிறுத்துனதும்தான் எனக்கு என்னமோ ஆச்சு. பைக்கை எடுத்துட்டுப் போனேன். குஞ்சம்மா வாசல்ல சோளம் காயப் போட்டுட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் பதறி எந்திரிச்சா. "வாங்க, உள்ள வாங்க"ன்னு சேரை எடுத்து வந்து தொடைச்சுப் போட்டா. உக்காந்தேன். மோர் குடுத்தா, குடிச்சேன். சொல்லோணும்னுதானுங்க போனேன். வாயில வந்து நிக்குது, வெளிய வரமாட்டேங்குது. "நல்லாருக்கறயா குஞ்சம்மா"ன்னேன். "உங்க புண்ணியத்துல நல்லாருக்கறனுங்க. அவரைக் கொண்டு வந்து எங்கண்ணுல காட்டுனீங்களே"ன்னா. அவளே அப்படிச் சொல்றப்ப நான் என்னத்தைச் சொல்றது, சொல்லுங்க? "ஊடு ஒழுகுதா"ன்னேன். "ஒழுகலைங்க"ன்னா. அப்பறம் அவளாவே சொன்னா: "உங்க மகன் அப்ப வந்திருந்தாருங்க. எங்க ஊட்டுக்காரரு படுத்திருந்த கட்டிலு எங்கன்னு கேட்டாரு. அது பக்கத்துல அப்படியே நின்னாருங்க, ரொம்ப நேரம். உக்காரவே இல்லை. எங்களுக்கே அழுகை நின்னு வருசமாச்சு, அவரைப் பாத்துட்டு நான் அழுதுட்டனுங்க"ன்னா.

சோளத்தைக் கோழி கொத்துதுன்னேன். அவ ஓடிப் போயித் தொரத்துனா. நான் எந்திரிச்சு வந்துட்டேன்.

அன்னைக்கு அவன் அவங்கம்மாகிட்டப் பேசறப்ப நானே போனை வாங்கினேன். ரெண்டு வருசம் கழிச்சு அவன் கொரலு. "நான்தான்டா"ன்னேன். "சொல்லுங்கப்பா"ன்னான்.

"குஞ்சம்மா ஊட்டுக்குப் போனேன்."

"சொன்னீங்களா?"

"போனேன்ல?"

பின்னால ஏதோ எஞ்சின் சத்தம் கேட்டுது. லைன்ல இருக்கறானா இல்லையான்னு தெரியலை. "கண்ணு"ன்னேன். "சரிப்பா"ன்னான். "லோடு வந்துருச்சு, வெக்கறேன்"னு வெச்சுட்டான். அதுக்கப்பறம் அம்மாகிட்டயும் பேசலீங்க. ட்யூட்டியில இருப்பான்.

ஏன், எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க. பஸ்ஸு நெறைய இருக்குது. பாவாயி உங்களுக்காகச் சமைச்சு வெச்சிருக்கறா. நீங்க கொண்டாந்த பொண்ணு போட்டோ மேசை மேலயே இருக்கட்டும், எதுக்கு எடுக்கறீங்க?

பையன் என்ன சொல்றான்னு கேக்கறீங்களா? இல்லீங்க. பையன்கிட்ட இன்னும் சொல்லலை. பாவாயிக்குமே நீங்க பொண்ணு விசயமா வர்றீங்கன்னு தெரியாது, சொந்தக்காரங்க ஒரம்பரையா வர்றாங்கன்னுதான் சொல்லியிருக்கறேன். நீங்க மட்டும் சரின்னு சொல்லுங்க. தையில ஒரு தேதி குறிச்சுப்போடலாம். மண்டபம் சொல்லிருவேன், பத்திரிகை அடிச்சிருவேன். பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தப்பறம் சொன்னா, வராம இருப்பானா? சொந்தக் கல்யாணத்துக்கு யாராச்சும் வராம இருப்பாங்களா, சொல்லுங்க? வந்துதானே ஆகோணும்.

அந்தப் புள்ளையை நான் என்ற மகளாட்டம் பாத்துக்குவேன், அதுல கொறை இருக்காது. அவன் திரும்பிப் போறேன்னா போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம். ஒரு தடவை வரட்டும். இங்க, இந்தச் சேர்ல, ஒரு நாள் உக்காரட்டும். பேச வேண்டாம். எனக்கு அவனைப் பாக்கோணும்ங்க.